மிளகிட்டவரை: கச்சேரிக்கு முந்திய ஒரு மேசையின் வரலாறு

ஹ்விடோவ்ரே என்ற ஊர்ப்பெயரின் முற்பகுதிக்கு வெள்ளை என்று பொருள். இங்குள்ள பழைய தேவாலயத்தின் வெள்ளைச் சுவரால் அந்தப் பெயர் வந்ததென்றும், அயலூரான றோடோவ்ரேக்கு அதன் சிவப்புத் தேவாலயத்தால் பெயர் வந்ததென்றும் சொல்வார்கள். இங்கிருந்து கொப்பன்ஹேகன் மத்திய நிலையத்துக்கு எஸ்-ரயிலில் கால்மணி நேரம்தான். 1972இல் திறக்கப்பட்ட இப்பாதையில் ஊரின் ஒரு நிலையத்துக்கு 'ஃப்றிஹேடன்' என்று பெயர். டேனிஷ் மொழியில் அதற்குச் சுதந்திரம் என்று அர்த்தம். கோடைகாலப் பின்னேரங்களில் இந்த நிலையத்தில் நன்றாக உடுத்திய வயதான டேனிஷ் தம்பதிகளைக் காணலாம். அவர்கள் போவது ரிவோலிப் பூங்காவுக்கு. முதலில் அங்குள்ள பழைய சாப்பாட்டுக்கடை ஒன்றில் ஆறுதலாக இராச்சாப்பாடு, அதன்பிறகு ஏழரை மணிக்குக் கச்சேரி. பாட்டன் பாட்டி செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

பார்வைக்கு இது ஒரு சாதுவான குடும்பப் பழக்கம். ஆனால் நூற்றெண்பது வருடத்துக்கும் மேலான இந்தப் பழக்கத்தின் கதையைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் மேசையில் யார் இருந்தார்கள், குசினியில் யார் நின்றார்கள், யார் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டார்கள் என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருகின்றன. அக்கதையில் எங்கள் கடற்கரைகளுக்கும் பங்குண்டு. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ரிவோலி திறக்கப்பட்டது 1843 ஆகஸ்ட் 15ஆம் திகதி. அதை உருவாக்கிய ஜோர்ஜ் கார்ஸ்ரென்சன் 1812இல் அல்ஜியர்ஸில் பிறந்தவர்; தகப்பன் அங்கே டேனிஷ் இராஜதந்திரியாக இருந்தார். பரிசிலும் லண்டனிலும் இருந்த கேளிக்கைப் பூங்காக்களின் மாதிரியில் கொப்பன்ஹேகனிலும் ஒன்று வேண்டும் என்று அவர் மன்னன் எட்டாம் கிறிஸ்ரியானிடம் அனுமதி கேட்டார். அப்போது டென்மார்க்கில் அரசியலமைப்பு இல்லை, மன்னனின் முழுமுடியாட்சிதான். சனம் களியாட்டத்தில் இருந்தால் அரசியலைப் பற்றி யோசிக்காது என்று சொல்லித்தான் கார்ஸ்ரென்சன் மன்னனின் மனதைக் கரைத்தார் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. அது உண்மையோ பொய்யோ, அந்த உபாயம் பலிக்கவில்லை. ஆறே வருடத்தில், 1849 ஜூன் 5ஆம் திகதி, நாட்டுக்கு அரசியலமைப்பு வந்துவிட்டது. பூங்காவும் மிஞ்சியது, அரசியலும் மிஞ்சியது.

கொடுக்கப்பட்ட நிலம் நகரின் மேற்கு வாசலுக்கு வெளியே, கோட்டை மதிலை ஒட்டியிருந்த இராணுவ நிலம். யுத்தம் வந்தால் உடனே இடித்துத் தள்ளக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதால் கட்டடங்கள் பெரும்பாலும் மரத்தால் இலேசாகக் கட்டப்பட்டன. இன்றைக்கு ரிவோலியின் நடுவே இருக்கும் குளம் அந்தக் கோட்டையின் அகழியில் எஞ்சிய துண்டு. பகைவனைத் தடுக்க வெட்டிய பள்ளத்தின் கரையில் விளக்கு ஏற்றி, கதிரை போட்டு, சாப்பாடு பரிமாறினார்கள். கார்ஸ்ரென்சன் 1848இல் யுத்தத்துக்குத் தொண்டனாகப் போனார். ரிவோலி அவர் கையை விட்டுப் போனது. பிறகு அமெரிக்கா போய் நியூயோர்க்கில் 1853இல் திறக்கப்பட்ட பளிங்கு மாளிகையை வடிவமைத்தவர்களில் ஒருவரானார். திரும்பி வந்து 1857இல் இறந்தார். தான் கட்டிய இடத்துக்கே வெளியாளாகிப் போன அந்த மனிதரின் கதை அகதிகளான எங்களுக்கு அவ்வளவு அந்நியமானதல்ல.

முதல் வருடத்திலேயே அங்கே இரண்டு சாப்பாட்டுக்கடைகள் இருந்தன. அவற்றின் பெயர் முதலாம் திவான், இரண்டாம் திவான். எங்கள் சமஸ்தானங்களில் மந்திரியைக் குறித்த அதே பாரசீகச் சொல்தான் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், மெத்தை போட்ட இருக்கையையும் அது கிடந்த மண்டபத்தையும் குறிக்கலாயிற்று. கீழைத்தேயம் என்றால் சொகுசு, சுகம், விளக்கொளி என்று ஐரோப்பா கற்பனை செய்த காலம் அது. ரிவோலி முழுவதும் அந்தக் கற்பனையின் கட்டடங்கள்தான். 1874இல் சீனப் பாணியில் பாவனைக்கூத்து அரங்கு, 1900இல் பகோடாக் கோபுரம், 1909இல் மூர் பாணியில் நிம்ப் மாளிகை. கீழைத்தேயத்து மனிதரை அருகில் வைத்திருக்காமலே கீழைத்தேயத்தை அனுபவிக்கும் வழி இது.

ரிவோலி எல்லோருக்கும் பொதுவான இடம் என்பது டேனிஷ்காரரின் பெருமை. பிரபுவும் தச்சனும் ஒரே வாசலால் நுழைந்து ஒரே பாதையில் உலாவியது அந்தக் காலத்துக்குப் புதுமைதான். ஆனால் நடக்கும்போது தெரியாத வித்தியாசம் இருக்கும்போது தெரியவரும். திவான்கள் காசுள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு எளிமையான கடைகள். அப்படிப்பட்டவற்றில் ஒன்றுதான் 1874இல் தொடங்கிய குறோஃப்டன். பெயரின் பொருளே கிடங்கு, வாய்க்கால் என்பதுதான். சிவப்பும் வெள்ளையும் கட்டம்போட்ட மேசைவிரிப்பு, கறுத்தப் பாணில் அடுக்கிய இறால், ஒரு கிளாஸ் பியர். சுற்றிவரப் புதிய மோஸ்தர்கள் எத்தனையோ வந்துபோன பின்னரும் அந்தக் கடை பழமையையே தன் முதலாக வைத்துக்கொண்டு இன்றும் நடக்கிறது.

அங்கே பேர்போன ஒரு சாப்பாடு மாலுமிகளின் கூட்டு. டேனிஷில் 'ஸ்கிப்பர் லப்ஸ்கவுஸ்' என்பார்கள். மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பிரிஞ்சி இலையும் முழுமிளகும் போட்டுக் குழையக் குழைய வேகவைத்து, மேலே ஒரு துண்டு வெண்ணெயும் நறுக்கிய வெங்காயத்தாள் போன்ற கீரையும் வைத்து, பக்கத்தில் ஊறவைத்த பீற்றூட்டும் கறுத்தப் பாணும் தருவார்கள். எங்கள் நாக்குக்கு அது காய்ச்சற்காரச் சாப்பாடு மாதிரித்தான் இருக்கும். இடைக்கிடை பல்லில் கடிபடும் மிளகு ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த முகம்.

அந்த மிளகுக்கு ஒரு வரலாறு உண்டு. நான்காம் கிறிஸ்ரியான் மன்னன் 1618இல் ஓவ கெட்ட என்ற இளைஞனின் தலைமையில் கப்பல்களைக் கிழக்கே அனுப்பியது வாசனைத் திரவிய வியாபாரத்துக்காகத்தான். அவர்கள் முதலில் நாடி வந்தது இலங்கை. கண்டி அரசனின் தூதன் என்று சொல்லிக்கொண்ட ஒரு டச்சுக்காரரின் பேச்சை நம்பி வந்த அவர்கள், 1620இல் திருகோணமலையில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. அதே வருடம் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் குடியேறினார்கள். நாயக்கர் டேனிஷ் மன்னனுக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கொப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தமிழன் டென்மார்க்குக்கு 1980களில் அகதியாகத்தான் வந்தான் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஏட்டைக் காட்டலாம். தமிழ் எழுத்து அதற்கு மூன்றரை நூற்றாண்டு முந்தியே வந்துவிட்டது, அதுவும் தங்கத்தில்.

தரங்கம்பாடி 225 வருடம் டேனிஷ் கொடியின் கீழ் இருந்தது. பிறகு லாபம் குறைந்தது. 1845 பெப்ரவரியில் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்றுவிட்டார்கள். விற்றவர் ரிவோலிக்கு அனுமதி கொடுத்த அதே எட்டாம் கிறிஸ்ரியான். அதே 1845 ஆகஸ்டில், ரிவோலியின் இரண்டாவது ஆண்டு விழாவுக்காக, அங்குள்ள வாத்தியக் குழுவின் தலைவர் ஹான்ஸ் கிறிஸ்ரியான் லும்பி தன் புகழ்பெற்ற 'ஷம்பேன் கலொப்' என்ற இசையை அரங்கேற்றினார். போத்தல் மூடி வெடித்துப் பறக்கும் ஓசையோடு தொடங்கும் துள்ளல் இசை அது. ஒரு கடற்கரையில் ஒரு ஊரே கைமாறிக்கொண்டிருந்தபோது இங்கே மூடி பறந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஒரே மன்னன், ஒரே வருடம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. மிளகிட்டவரை எவ்வளவு காலம் நினைக்கவேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

லும்பி 1810இல் பிறந்தவர். ரிவோலி தொடங்கிய நாளிலிருந்து 1872வரை அங்கே இசையை நடத்தியவர். வியன்னாவுக்கு ஸ்ட்ராவுஸ் எப்படியோ கொப்பன்ஹேகனுக்கு லும்பி அப்படி. 1874இல் அவர் இறந்தார். அந்த வருடம்தான் குறோஃப்டன் திறந்தது. அவர் தொடக்கிய வாத்தியக் குழுவின் வழிவந்ததுதான் பின்னாளில் கொப்பன்ஹேகன் பில் என்று பெயர்பெற்ற சிம்பொனிக் குழு. டென்மார்க்கின் பெரிய இசையமைப்பாளரான கார்ல் நீல்சன் தன் முதல் படைப்பாக எண்ணிட்ட தந்திவாத்தியச் சிறுதொகுப்பு 1888இல் ரிவோலி மண்டபத்தில்தான் முதன்முதல் ஒலித்தது. ஆக, இங்கே சாப்பாடும் இசையும் ஒரே வேலிக்குள் வளர்ந்தவை.

எங்கள் மரபிலும் இசையும் சாப்பாடும் சேர்ந்தே வந்திருக்கின்றன, ஆனால் வேறு வரிசையில். சங்ககாலத்து ஆற்றுப்படைகளில் பசித்து வருபவன் பாடுகிறவன். அவனுக்குச் சோறும் இறைச்சியும் கொடுத்து உபசரிப்பது கேட்கிறவனின் கடமை. யாழ்ப்பாணத்தில் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அங்கே சோறு யாருக்கு என்று கேட்பதில்லை, கணக்கும் வருவதில்லை. கோயில் திருவிழாவில் விடியவிடிய நாதசுரமும் தவிலும் கேட்ட சனம் இடையில் எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும். சென்னையில் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் சபாக் கன்ரீனுக்காகத்தான் போகிறார்கள் என்ற பகிடி பழையது. அங்கே சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே உள்ள சுவர் மெல்லியது. ஐரோப்பிய மத்தியதர வர்க்கம் அந்தச் சுவரைத் தடிப்பாக்கியது. முதலில் சாப்பிட்டு முடிக்கவேண்டும், வாய் துடைக்கவேண்டும், பிறகு இருட்டில் சத்தமின்றி இருந்து கேட்கவேண்டும். ஆனால் இது என்றுமே இருந்த ஒழுங்கு அல்ல. லும்பியின் காலத்தில் ரிவோலிச் சனம் உலாவியபடியும் குடித்தபடியும்தான் இசை கேட்டது.

ரிவோலி திறந்த வருடத்து ஒக்டோபரில் ஹான்ஸ் கிறிஸ்ரியான் அன்டர்சன் அங்கே போய் வந்த நாளில் ஒரு சீனக் கதையைத் தொடங்கியதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதுதான் இராப்பாடிக் குருவியின் கதை. அந்தக் கதையில் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. சக்கரவர்த்தியின் அரண்மனையில் அந்தக் குருவியைப் பற்றி எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தது குசினியில் வேலை செய்த ஒரு ஏழைச் சிறுமிக்கு மட்டும். மேசையில் மிஞ்சியதை நோயாளித் தாய்க்குக் கொண்டுபோகும் வழியில் அவள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாள். வழிகாட்டுவதற்குக் கூலியாக அவளுக்கு என்ன கொடுக்க முன்வந்தார்கள்? குசினியில் நிரந்தர வேலையும், சக்கரவர்த்தி சாப்பிடுவதைப் பார்க்க அனுமதியும். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த அன்டர்சனுக்குத்தான் இந்தக் குத்தல் வரும். இந்நாட்டு உணவகங்களில் இரவிரவாகக் கோப்பை கழுவிய எம்மவர் எத்தனையோ பேர் உள்ளே வாசிக்கும் இசையைக் கதவிடுக்கால் கேட்டவர்கள்தான்.

பார்க்க அனுமதி என்பதற்கு மறுபக்கமும் உண்டு. ரிவோலி மனிதரையும் காட்சிக்கு வைத்தது. 1902இல் சீனர்களைக் கொண்டுவந்து ஒரு சீனக் கிராமமாகக் காட்டினார்கள். 1905இல் டேனிஷ் காலனிகளின் கண்காட்சி நடந்தது. கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, ஃபாரோத் தீவுகள், மேற்கிந்தியத் தீவுகள் எல்லாம் அதில் அடங்கின. அதற்காக சென்ற் குறோய் தீவிலிருந்து இரண்டு கறுப்பினக் குழந்தைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். விக்டர் கோர்ணெலின்ஸுக்கு ஏழு வயது, அல்பேர்ட்டா றொபேர்ட்ஸுக்கு நாலு வயது. சிறுவன் விக்டர் ஓரிடத்தில் நிற்காமல் கண்காட்சியைச் சுற்றி ஓடித்திரிந்ததால் இருவரையும் கூண்டில் வைத்தார்கள். இந்தக் கண்காட்சியை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் எம்மா காட். பின்னர் 1918இல் நாகரிக நடத்தைக்கான கைநூலை எழுதியவர் அவர்தான். மேசையில் எப்படி இருப்பது, விருந்தினரை எப்படி நடத்துவது என்று டேனிஷ் வீடுகளுக்குப் பாடம் சொன்ன புத்தகம் அது.

ஐஸ்லாந்து மாணவர்கள் அந்தக் கண்காட்சியை எதிர்த்தார்கள். காலனிச் சனங்களோடு தங்களையும் சேர்த்துக் காட்டுவதா என்பதுதான் அவர்களுடைய கோபம். கூண்டில் இருந்த குழந்தைகளுக்காக அந்தக் கோபம் எழவில்லை. ஒடுக்கப்பட்டவன் தனக்குக் கீழே இன்னொருவனைத் தேடும் இந்த நோய் எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. ஊரில் தேத்தண்ணிக்கடையில் தனிக் கிளாஸ் வைத்திருந்த சமூகம் இது. கோயில் வாசல்களைப் பூட்டிவைத்த சமூகமும் இதுதான். அகதியாக வந்து இங்கே மற்ற அகதிகளைப் பற்றிப் பேசும் பேச்சிலும் அதன் நாற்றம் இடைக்கிடை அடிக்கிறது.

அல்பேர்ட்டா 1917இல் காசநோயால் இறந்தாள். டென்மார்க் தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்றதும் அதே 1917இல்தான். விக்டர் இங்கேயே வளர்ந்து, படித்து, நக்ஸ்கவ் நகரில் ஆசிரியரானார். இசை கற்பித்தார், பாடகர் குழுக்களை நடத்தினார், தன் வாழ்க்கையை எழுதினார். 1985இல் காலமானார். கூண்டுக்குள் பார்க்கப்பட்ட பிள்ளை ஒரு டேனிஷ் நகரத்தின் பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தது. அவருடைய பெயரை அறியாமல் ரிவோலியின் இசைவரலாற்றை முழுமையானது என்று சொல்ல என்னால் முடியாது.

இனி நெருப்பின் கதை. ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ரிவோலியின் கட்டடக் கலைஞராக இருந்தவர் போல் ஹென்னிங்சன், விளக்குகளால் உலகப் பேர்பெற்றவர். விமானத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியாதபடி அவர் 1941இல் ஒரு விளக்கை வடிவமைத்ததால் இருட்டடிப்பு நாட்களிலும் பூங்கா இரவில் இயங்கியது. 1943இல் அவரே சுவீடனுக்குத் தப்பியோட வேண்டியதாயிற்று. 1944 ஜூன் 25ஆம் திகதி, நாசிகளுக்குத் துணைபோன டேனிஷ் கும்பல் ரிவோலிக்குள் வெடிகுண்டு வைத்தது. கச்சேரி மண்டபமும் கண்ணாடி மண்டபமும் அழிந்தன. அங்கே வைத்திருந்த இசைச் சுவடிகளில் பெருந்தொகை எரிந்தது. எதிர்ப்பியக்கத்தின் நாசவேலைகளுக்குப் பழிவாங்க அவர்கள் தேர்ந்தெடுத்தது சனம் நேசித்த ஒரு பொருளை. ஆயுதக் கிடங்கு அல்ல, பாட்டு மண்டபம்.

உடனே ஊரடங்குச் சட்டம் வந்தது, இரவு எட்டு மணியிலிருந்து. அடுத்த நாள் கப்பல்கட்டும் தொழிலாளர் வேலையை விட்டு நேரத்தோடு வெளியேறினார்கள். தங்கள் தோட்டத் துண்டுகளைப் பார்க்கவேண்டும், எட்டு மணிக்குப் பிறகு போகமுடியாதே என்பதுதான் அவர்கள் சொன்ன நியாயம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணி மாறும் சனத்துக்கு அந்த நியாயம் நன்றாக விளங்கும். அது சில நாட்களில் நகரம் முழுவதையும் நிறுத்திய பெரும் வேலைநிறுத்தமாயிற்று. தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டிப் பார்த்த ஜேர்மனியர் கடைசியில் இறங்கிவர நேர்ந்தது. ஹ்விடோவ்ரேயின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. நகரத்துத் தொழிலாளர் சிறு காணித்துண்டுகளை வாங்கி, பலகை வீடு போட்டு, கிழங்கு நட்டு உருவாக்கிய ஊர்களில் இதுவும் ஒன்று.

மண்டபம் 1956இல் மீண்டும் எழுந்தது. பன்னிரண்டு வருடம். யாழ்ப்பாண நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அது மறுபடி வாசகருக்குத் திறக்க 2003 ஆயிற்று. வருடங்களை ஒப்பிட்டு ஒப்பாரி வைப்பது என் நோக்கமல்ல. ரிவோலியை எரித்தவர்களை அந்த நாடு ஒரு வருடத்துக்குள் தோற்கடித்தது, பெயர் சொல்லி நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஏழரை மணிக்கு விளக்கு அணையும்போது அந்த மண்டபத்தில் இருக்கிறவர்களுக்குத் தங்கள் பக்கம் நியாயம் கேட்கப்பட்டது என்ற நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதி எங்களுக்கு இல்லை.

ஆனால் நியாயம் கேட்கத் தெரிந்த நாடு என்பதைத் தமிழர் விடயத்திலும் இது காட்டியது, தாமதமாக என்றாலும். 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். மனைவியும் பிள்ளைகளும் யுத்தத்துக்குள் நிற்க, இங்கே ஆண்கள் தனியறைகளில் சோற்றை ஆக்கித் தனியே தின்ற காலம் அது. எத்தனையோ மேசைகளில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்தபோது பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நாட்டின் அதியுயர் அரசியல் நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. ஒரு நாட்டின் அரசே கவிழ்ந்தது, வந்துசேராத எங்கள் பெண்டு பிள்ளைகளுக்காக. இதை எங்கள் இளைய தலைமுறை பாடசாலையில் கேட்டுத்தான் அறிகிறது. நாங்கள் வீட்டில் சொல்வதில்லை.

டேனிஷ் வீடுகளில் சாப்பிட்டு எழும்பும்போது 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று சொல்வது கட்டாயம். எங்களிடம் அப்படியொரு வாசகமே கிடையாது. ஒரு வீட்டில் கை நனைத்தால் அதுவே உறவு, அதற்குமேல் வார்த்தை தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். இரண்டிலும் அழகு இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டில் மூன்றாவது தலைமுறையாகக் கை நனைக்கும் சனம் அந்த மேசையின் கதையைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். அதில் எங்கள் மிளகு இருப்பதையும், எங்கள் மொழியில் எழுதிய தங்க ஏடு ஒன்று அதே நகரில் கிடப்பதையும், அந்த வேலிக்குள் ஒரு கூண்டு இருந்ததையும் சேர்த்துத்தான்.

பிள்ளைகளை ரிவோலிக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் ராட்டினத்தோடு திரும்பிவிடாமல், ஒருமுறையாவது அந்தப் பழைய கடையில் இருத்தி மாலுமிக் கூட்டு ஒரு கோப்பை வாங்கிக் கொடுங்கள். உறைப்புக் காணாது என்று பிள்ளைகள் முகம் சுழிப்பார்கள். மிளகு கடிபடும்போது தரங்கம்பாடியைச் சொல்லுங்கள். ஏழரைக்குக் கச்சேரி தொடங்க இன்னும் நேரம் இருந்தால் விக்டரையும் சொல்லுங்கள்.